ஒரே தட்டா, தனித் தட்டா?

அலகு 6: வீடும் உறவும்
வாசிப்புப் பகுதி: கட்டுரை

வாசிப்பதற்கு முன் சிந்தியுங்கள்

1. உங்கள் வீட்டில் யாருக்காவது தனித் தட்டோ தனிக் குவளையோ உண்டா? அதற்குக் காரணம் என்ன?
2. அழுக்கு, எச்சில், கிருமி ஆகிய மூன்று சொற்களும் ஒரே பொருளைத் தருகின்றனவா?

வாசிப்புப் பகுதி

சிங்கப்பூரில் வீவக வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு நீண்ட காலம் அனுமதி இல்லை. 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த விதிமுறைகளின்படி, உரிமம் பெற்று ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். அனுமதிக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒரு நாயையும் வளர்க்கலாம். எத்தனை விலங்குகளை வளர்க்கலாம் என்பதைச் சட்டம் சொல்லிவிடுகிறது. ஆனால், அந்த விலங்கு எங்கே உண்ண வேண்டும், எந்தப் பாத்திரத்தில் உண்ண வேண்டும், அந்தப் பாத்திரத்தை யார் கழுவ வேண்டும் என்பவற்றைச் சட்டம் சொல்வதில்லை. அவற்றை வீட்டில் உள்ளவர்களே முடிவு செய்ய வேண்டும்.

அடுக்குமாடி வீட்டின் சமையலறை சிறியது. அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்பதனப் பெட்டி, செல்லப்பிராணியின் கிண்ணம் ஆகிய அனைத்தும் சில அடி தூரத்திற்குள்ளேயே இருக்கும். ஆகவே, பாத்திரத்தைப் பற்றிய கருத்து வேறுபாடு பல வீடுகளில் எழுவது இயல்பு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சிறிய சண்டையாகத் தோன்றலாம். ஆனால், ஒருவர் தம் சொந்த வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட முடிகிறதா என்பது சிறிய செய்தி அன்று.

ஓர் எடுத்துக்காட்டு

பெற்றோர், கல்லூரியில் படிக்கும் மகன், உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், பாட்டி ஆகிய ஐவர் வாழும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். அவர்களிடம் மூன்று வயது நாய் ஒன்று இருக்கிறது. அதன்மீது மகளுக்குக் கொள்ளைப் பிரியம். இரவு உணவு முடிந்ததும் அவள் தன் தட்டைத் தரையில் வைப்பாள். நாய் அதை நக்கும். பிறகு அவளே தட்டைக் கழுவி மற்றத் தட்டுகளோடு அடுக்கி வைப்பாள்.

ஒரு நாள் பாட்டி அதைப் பார்த்துவிட்டார்.

"நாய் நக்கிய தட்டை நாம் சாப்பிடும் தட்டுகளோடு அடுக்குகிறாயே, இது என்ன பழக்கம்?"

"சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டேன், பாட்டி. மற்றத் தட்டுகளைவிட இதுதான் சுத்தமாக இருக்கும்."

"கழுவினால் அழுக்குப் போகும் அம்மா. எச்சில் போகுமா?"

"எச்சில் என்றால் உமிழ்நீர்தானே, பாட்டி? தண்ணீரில் போய்விடும்," என்று அண்ணன் குறுக்கிட்டான். தங்கை சிரித்தாள். பாட்டி சிரிக்கவில்லை.

மறுநாள் முதல் பாட்டி தம் அறை அலமாரியில் ஓர் எவர்சில்வர் தட்டையும் குவளையையும் தனியாக வைத்துக்கொண்டார். ஒரு வாரத்திற்குப் பின்பு, எல்லாரும் உணவு மேசையில் அமரும் நேரத்தில், "எனக்குப் பசி இல்லை," என்று சொல்லத் தொடங்கினார். அம்மாவுக்குத்தான் கவலை. பாட்டி புற்றுநோய்க்காக வேதிச் சிகிச்சை பெற்று வந்தார். உடல் இளைக்காமல் பார்த்துக்கொள்ளும்படி மருத்துவர் கூறியிருந்தார். ஒரு தட்டைப் பற்றிய பேச்சு, பாட்டியின் உடல்நலத்தைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது.

இங்கு யார் சொல்வது சரி? விடை கூறுவதற்கு முன், அவர்கள் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

எச்சில் என்பது என்ன?

எஞ்சு, எச்சம், எச்சில் ஆகியவை உறவுடைய சொற்கள். உண்ட பின் எஞ்சியது, வாய்பட்டது, உமிழ்நீர் ஆகிய மூன்றையும் எச்சில் என்னும் சொல் குறிக்கும். அண்ணன் மூன்றாவது பொருளை மட்டும் எடுத்துக்கொண்டான். பாட்டி மூன்றையும் சேர்த்துப் பேசினார்.

நம் வீடுகளில் எச்சில் தொடர்பான பழக்கங்கள் பல உள்ளன. தண்ணீர்ப் புட்டியை நண்பர்களோடு பகிரும்போது வாய் படாமல் அண்ணாந்து குடிக்கிறோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் கையால் பொதுப் பாத்திரத்திலிருந்து எடுப்பதில்லை, கரண்டியைப் பயன்படுத்துகிறோம். இவை நோய் பரவுவதைக் குறைக்கும் நல்ல பழக்கங்கள்.

ஆயினும், எச்சில் என்பது உறவையும் காட்டுகிறது. குழந்தை மிச்சம் வைத்த சோற்றைத் தாய் அருவருப்பின்றி உண்பாள். திருமணத்தில் மணமக்களுக்குப் பாலும் பழமும் கொடுக்கும்போது இருவரும் ஒரே கரண்டியில் உண்பது உண்டு. யாருடைய எச்சிலை நாம் எச்சிலாக நினைப்பதில்லையோ அவரே நமக்கு மிக நெருக்கமானவர். மகள் தன் தட்டை நாய்க்கு வைத்ததன் பொருளும் அதுதான். "இதுவும் நம் வீட்டுப் பிள்ளை," என்று அவள் சொல்லாமல் சொன்னாள். பாட்டியோ, "அந்த நெருக்கம் உனக்கு இருக்கலாம், என்மீது அதைத் திணிக்காதே," என்று சொல்ல விரும்பினார். இருவரும் இதை வெளிப்படையாகப் பேசவில்லை. சோப்பைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

எச்சில் உணர்வுக்கு வருத்தம் தரும் ஒரு பக்கமும் உண்டு. மனிதரை மனிதர் விலக்கி வைப்பதற்கும் அது பயன்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் சில தேநீர்க் கடைகளில் இருந்த இரட்டைக் குவளை முறை அதற்குச் சான்று. சாதியைக் காரணம் காட்டிச் சிலருக்குத் தனிக் குவளையில் தேநீர் கொடுத்தார்கள். அந்தக் குவளையைப் பிரித்து வைத்ததற்கு நோய் காரணம் அன்று. இழிவுபடுத்தும் எண்ணமே காரணம். ஆகவே, 'இது நம் பழக்கம்' என்று சொல்லும்போது, அந்தப் பழக்கம் எதைப் பாதுகாக்கிறது என்று கேட்பது தவறாகாது. அதே கேள்வியைப் புதிய பழக்கங்களிடமும் கேட்க வேண்டும்.

அறிவியல் என்ன சொல்கிறது?

"நாயின் வாய் மனிதனின் வாயைவிடச் சுத்தமானது," என்று சிலர் கூறுவர். இது சரியான கூற்று அன்று. மனிதனின் வாயிலும் நாயின் வாயிலும் பல நூறு வகையான நுண்ணுயிரிகள் வாழ்கின்றன. அவை பெரும்பாலும் வெவ்வேறு வகையானவை. எது சுத்தம் என்று ஒப்பிடுவதைவிட, அந்தக் கிருமிகள் யாரை, எவ்வாறு பாதிக்கும் என்று கேட்பதே பொருத்தம்.

நாய், பூனை ஆகியவற்றின் வாயில் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் இயல்பாக இருக்கின்றன. நல்ல உடல்நலம் உள்ள ஒருவரை அவை பொதுவாகப் பாதிப்பதில்லை. கடி, கீறல், புண் ஆகியவற்றின் வழியே உடலுக்குள் புகும்போது தொல்லை தரலாம். சால்மோனெல்லா என்னும் பாக்டீரியா வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் ஏற்படுத்தும். சில வேளைகளில் விலங்குகளின் உணவிலேயே, குறிப்பாகப் பச்சை இறைச்சியில், அது இருக்கும். அதைச் சுமக்கும் விலங்கு நோய் அறிகுறி எதையும் காட்டாமல் ஆரோக்கியமாகத் தோன்றலாம்.

கிண்ணத்தில் மிஞ்சிய ஈர உணவு நம் நாட்டு வெப்பத்தில் விரைவில் கெட்டுவிடும். ஏறத்தாழ 5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகும். கழுவாமல் விட்ட தண்ணீர்க் கிண்ணத்தின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள், வழுவழுவென்று இருக்கும். அது பாக்டீரியாக்கள் ஒன்றுசேர்ந்து உருவாக்கிய படலம். தண்ணீரை ஊற்றி அலசினால் மட்டும் அது போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்தால்தான் போகும்.

அமெரிக்காவில் என்.எஸ்.எஃப். இன்டர்நேஷனல் என்னும் அமைப்பு 2011இல் 22 குடும்பங்களின் வீடுகளில் எந்தப் பொருள்களில் கிருமிகள் அதிகம் உள்ளன என்று ஆராய்ந்தது. செல்லப்பிராணியின் கிண்ணம் நான்காம் இடத்தைப் பிடித்தது. முதல் இடத்தைப் பிடித்தது எது தெரியுமா? பாத்திரம் தேய்க்கும் பஞ்சும் துணியும்! கழுவுதொட்டி இரண்டாம் இடத்திலும் பல்துலக்கி வைக்கும் குவளை மூன்றாம் இடத்திலும் இருந்தன.

இந்த முடிவு நம் எடுத்துக்காட்டில் உள்ள இரு தரப்பினருக்கும் ஒரு பாடம். மகள் தட்டை நன்றாகக் கழுவினாள். ஆனால், எந்தப் பஞ்சால் கழுவினாள்? அதே பஞ்சு அடுத்துப் பாட்டியின் குவளைக்குள் சென்றிருக்கும். பாட்டி தம் தட்டை அலமாரியில் பூட்டி வைத்தார். ஆனால், அதையும் அதே தொட்டியில்தான் கழுவினார். இருவருமே தட்டைப் பார்த்தார்கள், பஞ்சைப் பார்க்கவில்லை.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்போர் 417 பேரிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளிவந்தது. கிண்ணத்தைக் கையாளுவது பற்றிய அதிகாரபூர்வ அறிவுரைகளை அறிந்திருந்தவர்கள் 100க்கு 5 பேர்கூட இல்லை. அந்த அறிவுரைகள் எளியவை. விலங்குக்கு உணவு வைப்பதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டு 20 விநாடி கைகழுவ வேண்டும். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும் கிண்ணத்தைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவ வேண்டும்.

அப்படியானால், நாய் நக்கிய தட்டைக் கழுவி நாம் மீண்டும் பயன்படுத்தலாமா? சோப்பும் வெந்நீரும் கொண்டு முறையாகக் கழுவிக் காயவைத்த பீங்கான் தட்டால், நல்ல உடல்நலம் உள்ளவருக்கு நோய் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. கீறல் விழுந்த பிளாஸ்டிக் தட்டில் கிருமிகள் கீறல்களுக்குள் தங்கிவிடும். அதை முழுமையாகத் தூய்மைப்படுத்துவது கடினம். எனவே, மகளும் அண்ணனும் கூறியதில் உண்மை இருக்கிறது. ஆனால், அது முழு உண்மை அன்று.

யாருக்கு ஆபத்து அதிகம்?

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியவர்கள், கருவுற்ற பெண்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இக்கிருமிகளால் கடுமையான பாதிப்பு ஏற்படலாம். வேதிச் சிகிச்சை பெறுவோருக்கும் உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோருக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்திருக்கும். மற்றவர்களுக்கு ஒரு நாள் வயிற்றுவலியோடு போகக்கூடிய தொற்று, அவர்களை மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குப் போகலாம்.

பாட்டியின் நிலை இதுதான். அவர் சொன்ன காரணம் பழைய காரணமாக இருந்ததால், பேரப்பிள்ளைகள் அதைப் பழங்காலப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால், அந்த வீட்டில் தனித் தட்டு மிகத் தேவைப்பட்டவர் அவரே. ஒருவர் கூறும் காரணம் நமக்குப் புரியவில்லை என்பதால், அவருடைய தேவையும் பொய்யாகிவிடாது.

விலங்கின் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது. நம் தட்டில் மிஞ்சுவது என்ன? சாம்பார், குழம்பு, பிரட்டல் ஆகிய எல்லாவற்றிலும் வெங்காயமும் பூண்டும் இருக்கும். அவை நாய், பூனை ஆகியவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கக்கூடும். திராட்சையும் சாக்லேட்டும் நாய்க்கு நஞ்சு. கோழி எலும்பைச் சமைத்தால் அது எளிதில் நொறுங்கிக் கூர்மையாகி, தொண்டையிலோ குடலிலோ குத்தும். ஆகவே, அன்போடு தரையில் வைக்கும் தட்டு அந்த விலங்குக்கே தீங்காக முடியலாம். தனிக் கிண்ணம் வைப்பதால் விலங்கைத் தள்ளி வைப்பதாகப் பொருளாகாது. அதற்கு ஏற்ற உணவை, ஏற்ற அளவில் கொடுக்க அது உதவுகிறது.

உடன்பாடு காண்பது எப்படி?

இத்தகைய சிக்கலில், "யார் சொல்வது சரி?" என்ற கேள்வியோடு தொடங்கினால் பேச்சு நீளும். "இந்தச் சமையலறையில் யாருக்கு என்ன தேவை?" என்று தொடங்கினால் வழி பிறக்கும்.

நம் எடுத்துக்காட்டில் அம்மா அவ்வாறுதான் செய்தார். ஒரு மாலையில் எல்லாரையும் அமரவைத்து ஒவ்வொருவரையும் பேசச் சொன்னார். பாட்டி தமக்கு இருந்த அச்சத்தை முதன்முறையாகச் சொன்னார். "எனக்கு நாய்மீது கோபம் இல்லை. என் உடம்பு இப்போது எதையும் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதை உங்களிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று பார்த்தேன்," என்றார். மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அதற்கென்று தனியாக இரண்டு கிண்ணங்கள் வாங்கலாம். நானே கழுவுகிறேன், பாட்டி," என்றாள்.

அவர்கள் ஐந்து முடிவுகளை எடுத்தார்கள்:

• நாய்க்கு எவர்சில்வரில் இரண்டு கிண்ணங்கள். ஒன்று உணவுக்கு, மற்றொன்று தண்ணீருக்கு. அவை மனிதர்கள் உண்ணும் பாத்திரங்களோடு சேரக் கூடாது.
• அவற்றைக் கழுவுவதற்கு வேறு நிறத்தில் ஒரு பஞ்சு. கழுவுமிடம் சமையலறைத் தொட்டி அன்று, குளியலறைக் குழாய். கழுவிய இடத்தையும் தூய்மைப்படுத்த வேண்டும்.
• ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் கழுவுவது மகளின் பொறுப்பு. அவள் வீட்டில் இல்லாத நாளில் அண்ணன் கழுவுவான்.
• மேசையிலிருந்து நாய்க்கு உணவு கொடுப்பதில்லை. வெறும் சோறோ மசாலா சேர்க்காத வேகவைத்த கோழியோ கொடுக்க விரும்பினால், அதன் கிண்ணத்தில்தான் போட வேண்டும்.
• சமையலறைப் பஞ்சை அடிக்கடி மாற்ற வேண்டும்.

ஐந்தாவது முடிவைச் சொன்னவர் பாட்டி. அதற்கு நாயோடு தொடர்பே இல்லை.

வீட்டுக்கு வெளியேயும் எண்ண வேண்டும்

நம் வீட்டுத் தட்டில் உண்பவர்கள் நாம் மட்டும் அல்லர். உறவினர்கள், நண்பர்கள், அண்டைவீட்டார் ஆகியோரும் உண்கிறார்கள். பல இனத்தவர் கூடி வாழும் நம் நாட்டில் அவர்களுடைய நம்பிக்கைகளையும் அறிந்திருப்பது நல்லது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மரபைப் பின்பற்றுகிறார்கள். அம்மரபில், நாயின் உமிழ்நீர் பட்ட பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். பூனைக்கு இந்த விதி இல்லை. உங்கள் முஸ்லிம் தோழி வீட்டுக்கு வரும்போது, "கழுவிவிட்டோம், பரவாயில்லை," என்று நீங்களாகவே முடிவு செய்ய முடியாது. நாயின் கிண்ணத்தைக் கழுவும்படி முஸ்லிம் இல்லப் பணிப்பெண் ஒருவரிடம் கேளாமலே அந்த வேலையைக் கொடுப்பதும் முறையன்று.

தட்டு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதைச் சோப்பும் வெந்நீரும் முடிவு செய்யும். அந்தத் தட்டில் உண்ணலாமா என்பதை உண்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அவர் உண்மையை அறிந்திருக்க வேண்டும். விருந்தினருக்குத் தட்டை எடுத்து வைப்பவர், "இந்தத் தட்டு எதற்கெல்லாம் பயன்பட்டது?" என்ற கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்ல முடிந்தால், அந்த வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

சொற்பொருள்

அண்ணாந்து - தலையை மேல்நோக்கி உயர்த்தி
அருவருப்பு - வெறுப்புடன் கூடிய கூச்சம்
திணித்தல் - விருப்பமின்றி ஏற்கச் செய்தல்
எதிர்ப்பாற்றல் - நோயை எதிர்க்கும் உடலின் வலிமை
உடன்பாடு - இரு தரப்பும் ஏற்கும் முடிவு

கருத்தறிதல்

1. பாட்டி தனித் தட்டு வைத்துக்கொண்டதற்கு அவர் முதலில் கூறிய காரணம் யாது? பின்னர் வெளிப்பட்ட காரணம் யாது?
2. "இருவருமே தட்டைப் பார்த்தார்கள், பஞ்சைப் பார்க்கவில்லை." இக்கூற்றை உங்கள் சொந்த நடையில் விளக்குக.
3. இரட்டைக் குவளை முறையையும் நாய்க்குத் தனிக் கிண்ணம் வைப்பதையும் கட்டுரையாளர் எவ்வாறு வேறுபடுத்துகிறார்?
4. ஐந்தாவது முடிவைப் பாட்டி சொன்னதிலிருந்து அவரைப் பற்றி நீங்கள் அறிவது என்ன?

கலந்துரையாடல்

பாட்டிக்கு நோய் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அவருடைய விருப்பத்திற்கு வீட்டார் இடம் கொடுக்க வேண்டுமா? நால்வர் கொண்ட குழுவில் கலந்துரையாடி, இரு தரப்புக் கருத்துகளையும் வகுப்பில் முன்வையுங்கள்.

எழுத்துப் பணி

உங்கள் வீட்டில் இருவருக்கு இடையே எழுந்த ஒரு சிறிய கருத்து வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரும் சொன்ன காரணத்தையும் சொல்லாமல் விட்ட காரணத்தையும் ஆராய்ந்து, 150 சொற்களில் ஒரு பத்தி எழுதுங்கள்.